கேம்பிங் வானின் கூரை ஒழுக்கு

"ஒழுகுதோ எண்டு பாக்கத்தான் படுத்தனான். அப்பிடியே நித்திரையாப் போனன்."

ஜெர்மனியின் டோர்ட்மண்டிலிருந்து புறப்பட்ட காலை ரயிலில் எனக்கு முன் இருக்கையில் இரண்டு பெண்கள். முதியோர் இல்லத்தில் இரவு வேலை முடித்துத் திரும்புகிறவர்கள் என்பது பேச்சில் தெரிந்தது. சொன்னவர் மூத்தவர்.

"எங்க அக்கா படுத்தனீங்கள்?" என்று இளையவர் கேட்டார்.

"எங்கட கேம்பிங் வானுக்குள்ள, லீவுக்குப் போய்ப் படுத்தெழும்புற வண்டிக்குள்ள. கூரையில ஏசி பூட்டின ஓட்டையைச் சுத்தி ஒரு ரப்பர் இருக்கு. அது நைஞ்சு, கட்டிலெல்லாம் தண்ணி. என்ர மனுசன் மேல ஏறி சிலிக்கோன் பசை பூசினார், திரும்பவும் ஒழுகிச்சு. புது ரப்பர் போட்டார், கூட இறுக்கி அது நசிஞ்சுபோச்சு. இந்த முறையும் ஒழுகினா வானை விக்கிறதுதான் எண்டு சொல்லிப்போட்டன். எனக்கும் ஏலாது பிள்ளை."

"பிறகு?"

"ஞாயிற்றுக்கிழமை இன்னொரு ரப்பர் போட்டு, அளவா இறுக்கினார். தான் மேல ஏறித் தண்ணி ஊத்துறன், நீர் கீழ படுத்துப் பாரும் எண்டார். தலையைச் சாய்ச்சது மட்டும்தான் தெரியும்."

"அண்ணை எழுப்பேல்லையோ?"

"மேல நிண்டு கூப்பிட்டவராம். சத்தத்தைக் காணேல்லை எண்டு இறங்கி வந்து, பக்கத்தில சரிஞ்சு, தானே மேல பாத்துக்கொண்டு கிடந்தவர். அவரும் களைச்ச மனுசன்தானே. அவரும் நித்திரை."

இளையவர் கொட்டாவியை அடக்கிக்கொண்டார். "அப்ப ஒழுகினதோ, இல்லையோ?"

"எழும்பிப் பாத்தா றோட்டெல்லாம் வெள்ளம். நல்ல மழை பெய்திருக்கு. எங்களுக்கு மேல ஒரு சொட்டும் விழேல்லை."