கார்பெட்டுக்கு அடியில் ஒரு ஒயர்

கன்னையா: ...நீ பாத்தியா இல்லையா? மூணாவது பாட்டுல நான் கீபோர்டுல ஒரு சுத்து சுத்துனேன்லா, அப்பதான் பிள்ளைங்க எல்லாம் எந்திரிச்சி ஆடுனாங்க.

ரமணி: ஓ... அப்பதானா.

கன்னையா: வீல்சேர்ல இருந்த அந்தப் பையன்கூட, அவன் அம்மா தள்ளாமலே வட்டம் போட்டான்.

ரமணி: பாத்தேன். நீங்க ரோட்டப் பாத்து ஓட்டுங்க, முன்னால லோரி.

கன்னையா: ஏற்பாடு பண்ண மலர் அக்கா என்னா சொன்னாங்க தெரியுமா? பிரிக்பீல்ட்ஸ்ல எத்தனையோ குடும்பம் வந்து பாடுதாம், நம்ம மியூசிக் மாதிரி இல்லையாம். அலட்டல் இல்ல, ரொம்ப சிம்பிளாம்.

ரமணி: ம்... சிம்பிளாதான் இருந்துச்சு.

ஷாமினி: ரொம்ப... சிம்பிள்.

கன்னையா: பின் சீட்டுல என்னா சிரிப்பு?

ஷாமினி: கறிபாப் பா... தொண்டையில...

ரமணி: திங்கும்போது அவகிட்ட பேச்சு குடுக்காதீங்க.

ஷாமினி: நான் தூங்கறேன்லா. பண்டமாரான் வந்தா எழுப்புங்க.

கன்னையா: ...தூங்கிட்டாளா?

ரமணி: ஹெட்போன் மாட்டிட்டா. என்னா விஷயம்?

கன்னையா: இன்னைக்கு அவ டிரம் பேட் வெளிய கேட்டுச்சு.

ரமணி: ஏன், கேக்கக் கூடாதா?

கன்னையா: அடுத்த மாசம் ஜெஞ்சாரோம்ல இதே மாதிரி பிள்ளைங்க நிகழ்ச்சி. அந்த டிரம் அடிச்ச பொண்ணு கட்டாயம் வேணும்ங்கறாங்க மலர் அக்கா.

ரமணி: நம்ம மகதானே. கூட்டிக்கிட்டுப் போவோம்.

கன்னையா: அதுல ஒரு சங்கதி இருக்கு... கத்த மாட்டேன்னு சொல்லு.

ரமணி: கத்துனா நீங்க லோரில போய் முட்டுவீங்க. சொல்லுங்க.

கன்னையா: மொத ஷோவுக்கு அப்புறம் அவ டிரம் வெளிய கேட்டதே இல்ல. ஒயர நான் சவுண்டு மிக்சர்ல சொருகவே மாட்டேன். முனைய கார்பெட்டுக்கு அடியில தள்ளிவிட்ருவேன். என்னைய மாதிரி அவளும் ஹெட்போன் மாட்டித்தானே வாசிப்பா. அவளுக்குக் கேக்கும், அவ்வளவுதான். வெளிய ஒன்னும் வராது. இன்னைக்கு மறந்துபோய் சொருகிட்டேன் போல.

ரமணி: எல்லாப் பிள்ளைங்களும் வாங்க, எல்லாரும் வாசிங்கன்னு பாட்டு எழுதிட்டு... சொந்தப் பிள்ளையோட ஒயரு கார்பெட்டுக்கு அடியில.

கன்னையா: அந்தப் பாட்டு நான் எழுதுனது.

ரமணி: அதத்தான் சொல்றேன்.

கன்னையா: மொத ஷோ ஞாபகம் இருக்கா, பண்டமாரான் மண்டபத்துல? அவளுக்குத்தான் இடது கை லேட்டா வருமே, பொறந்ததுல இருந்து. தாளத்துக்குப் பின்னால டொக்குன்னு விழுந்துச்சு. முன் வரிசையில ஒருத்தன் சிரிச்சான். அப்புறம் வரிசையே சிரிச்சுச்சு. இவ ஒன்னும் புரியாம அவங்களப் பாத்து கைய ஆட்டுறா... அடுத்த ஷோவுல இருந்து ஒயர உள்ள தள்ளிட்டேன் ரமணி.

ரமணி: அவகிட்ட சொல்லியிருக்கலாமே.

கன்னையா: எப்படிச் சொல்றது? அவ்வளவு சந்தோஷமா வாசிச்சா. பாவமா இருந்துச்சு... அதான் சொல்லல.

ரமணி: இன்னைக்கும் அந்தக் கை லேட்டாதான் விழுந்துச்சு. யாரு சிரிச்சா?

கன்னையா: யாரும் சிரிக்கல. ஒரு சின்னப் பிள்ளை அந்த டொக்குக்காகவே காத்திருந்து காத்திருந்து குதிக்குது... நான்தான் மடையன்.

ரமணி: கேக்க நல்லா இருக்கு. இன்னொரு தடவ சொல்லுங்க.

கன்னையா: கிண்டல் போதும். ஜெஞ்சாரோம்ல என் கையாலயே அவ ஒயர சொருகறேன். ...இரு. நம்ம மிக்சர்ல ஓட்டை நாலுதானே?

ரமணி: ரோட்டப் பாருங்க.

கன்னையா: உன் மைக் ஒன்னு. அப்புறமா சேத்த பிள்ளைங்க மைக் ஒன்னு. சுருதி போடுற போன் ஒன்னு. என் கீபோர்டு. நாலும் ரொம்பிருச்சு. அப்ப இவ டிரம்மு எதுல இருந்துச்சு?

ரமணி: ...ஷாமினி, நடிச்சது போதும், எந்திரி. அப்பாகிட்ட நீயே சொல்லு.

ஷாமினி: உங்க ஓட்டையிலதான் பா. உங்களோடத உருவிட்டு என்னோடத சொருகிட்டேன்.

கன்னையா: நீயா?

ஷாமினி: கார்பெட் கதை எனக்கு தீபாவளி ஷோவுலயே தெரியும். கால்ல ஒயர் தட்டுச்சு.

கன்னையா: அப்ப... மூணாவது பாட்டுல நான் சுத்துனது?

ரமணி: உங்க ஹெட்போனுக்குள்ள சுத்துனீங்க. கண்ண மூடி தலைய ஆட்டுனத மட்டும் எல்லாரும் பாத்தாங்க.

கன்னையா: ஏன்மா... நடுவுல வந்து ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?

ஷாமினி: அவ்வளவு சந்தோஷமா வாசிச்சீங்க பா. பாவமா இருந்துச்சு... அதான் சொல்லல.