நெவிலின் வலது கண்

முப்பத்தெட்டு வருடம் நான் பார்த்த வேலையில் பாதி, மேகம் எப்போது விலகும் என்று அண்ணாந்து பார்த்துக்கொண்டு நின்றதுதான். இங்கிலாந்தில் ஒளிப்பதிவாளராக இருந்த ஒருவன் தனக்குக் கழுத்துவலி இல்லை என்று சொன்னால் நம்பாதீர்கள்.

உங்கள் சங்கம் என் தொழில் வாழ்க்கையைப் பதிவு செய்துவைக்க விரும்புவதில் மகிழ்ச்சி. அந்தக் கருவியை இன்னும் கொஞ்சம் பக்கத்தில் வையுங்கள் அம்மா. எண்பத்திரண்டு வயதில் குரல் தூரம் போக மாட்டேன் என்கிறது. சினிமா பதினொன்று. தொலைக்காட்சித் தொடர்கள் எத்தனை என்று எனக்கே நினைவில்லை. விருது இரண்டு. ஒன்று அலமாரியில் இருக்கிறது, மற்றது கழிப்பறை ஜன்னல் மூடிக்கொள்ளாமல் முட்டுக் கொடுக்கிறது.

நெவில் மாசன் ஏன் தொழிலை விட்டான் என்று கேட்டீர்கள். எல்லோரும் கேட்பார்கள். கண் கெட்டுவிட்டது என்பேன். உச்சுக் கொட்டிவிட்டு அடுத்த கேள்விக்குப் போய்விடுவார்கள். நீங்கள் போகாமல் உட்கார்ந்திருக்கிறீர்கள். சரி, சொல்கிறேன்.

எங்கள் ஊர்ப் படப்பிடிப்பில் வெளிச்சம் அமைப்பவன் ஒருவன், கேமராவில் கண்ணை வைத்து அதை நகர்த்துபவன் வேறொருவன். பெயர் வாங்குவது முதலாமவன். அது நான். பதினான்கு வருடம் என் கேமராவில் கண்ணை வைத்தவன் நெவில். காட்சி தயாரானதும் மெல்ல அருகில் வருவான். “தலைவரே, ஒரே ஒரு அடி இடப்பக்கம் போனா அந்த ஜன்னலும் சேந்து அழும்” என்பான். போவோம். ஜன்னல் அழும். மறுவாரம் பத்திரிகையில் ‘ஹெட்லி கார்சைடின் ஜன்னல்கள்’ என்று எழுதுவார்கள். நான் மறுத்ததில்லை. பத்திரிகைக்காரர்களோடு வாதாடுவது நல்ல பழக்கமல்ல.

1971 வசந்தத்தில் நார்தம்பர்லாந்துக் கடற்கரையில் ஒரு தொலைக்காட்சித் தொடர் எடுத்துக்கொண்டிருந்தோம். இரண்டாவது வாரம், மதியச் சாப்பாட்டின்போது இயக்குநர் என் எதிரே வந்து உட்கார்ந்தார்.

“அடுத்து ஒரு சினிமா பண்றேன் ஹெட்லி. ஒளிப்பதிவு நெவில்தான். உங்களுக்குத்தான் ரொம்ப சந்தோஷமா இருக்கும்னு நினைக்கிறேன்.”

ரொம்ப சந்தோஷம் என்றேன். ஆட்டுக்கறி அடைத்துச் சுட்ட அப்பத்தில் இன்னொரு துண்டு வாங்கிச் சாப்பிட்டேன். அன்று பிற்பகல் நெவில் தொலைபேசப் போயிருந்தான். ஒரு பெண் கதவைத் திறந்து உள்ளே வர வேண்டும், அவ்வளவுதான் காட்சி. கேமராவை எங்கே வைப்பது என்று எனக்குத் தெரியவில்லை. இருபது நிமிடம் வெளிச்சத்தைச் சரிசெய்வதுபோல விளக்குகளைச் சுற்றி நடந்தேன். அவன் வந்ததும், “நீ எங்கே வைப்பாய் என்று பார்க்கத்தான் காத்திருந்தேன்” என்றேன்.

ஒளிப்பதிவாளரின் வேலை கவலை பிடித்த வேலை. நெவில் மென்மையான பிள்ளை. அவன் அதில் மாட்டிக்கொள்ள வேண்டாம் என்று எனக்குத் தோன்றியது நியாயம்தானே?

கேமராவில் கண் வைக்கும் இடத்தைச் சுற்றி ஒரு வளையம் உண்டு. அவரவர் பார்வைக்கு ஏற்பத் திருப்பிக்கொள்ளலாம். நெவில் தன் அளவுக்கு அதில் ஒரு சிவப்புப் புள்ளி வைத்திருந்தான். அவன் மனைவி ஐரீன் எங்கள் குழுவில்தான் ஒப்பனை செய்தாள். அவளுடைய நகப்பூச்சு அது. தினமும் காலையில் வந்து வளையத்தைப் புள்ளிக்குத் திருப்புவான், வேலையைத் தொடங்குவான்.

ஞாயிற்றுக்கிழமை நான் பக்கத்து ஊருக்குப் போய் அதே நிறத்தில் ஒரு நகப்பூச்சு வாங்கினேன். கடைக்காரம்மா என்னை ஏற இறங்கப் பார்த்தாள்.

“இந்தச் சிவப்பு யாருக்குக் கண்ணு?”

“எனக்குத்தான்.”

“கைக்கா, காலுக்கா?”

“இன்னும் முடிவு பண்ணல.”

“உன் நிறத்துக்கு ரோஜாதான் எடுப்பா இருக்கும்” என்று சொல்லிவிட்டுச் சிவப்பையே கட்டிக் கொடுத்தாள். பூச்சை அழிக்கும் திரவமும் ஒரு குப்பி வாங்கினேன்.

முதல் நாள் ஒரு மயிரிழைதான். பழைய புள்ளியைத் துடைத்துவிட்டு, சற்றுத் தள்ளிப் புதிய புள்ளி. நான்கு நாள் கழித்து இன்னொரு மயிரிழை. ஒன்பது வாரத்தில் அது விரற்கடைத் தூரம் நகர்ந்துவிட்டது.

“தலைவரே, இது உங்களுக்குத் தெளிவாத் தெரியுதா?” என்று மூன்றாவது வாரம் கேட்டான்.

வளையத்தை என் கண்ணுக்குத் திருப்பிப் பார்த்தேன். “பளிங்கு மாதிரி இருக்கேப்பா.”

“எனக்குப் புள்ளியத் தாண்டித் திருப்பினாத்தான் தெரியுது.”

“ராத்திரி எத்தனை கிளாஸ்?”

“ஒண்ணரைதான். ஒண்ணரை பியருக்கெல்லாம் கண்ணு போயிடுமா?”

சிரித்தான். ஐந்தாவது வாரம் சிரிக்கவில்லை. அவன் அப்பா நாற்பத்தைந்து வயதில் பார்வை இழந்தவர். அவருக்கும் இப்படித்தான், கொஞ்சம் கொஞ்சமாக. இது எனக்கு முன்பே தெரியும். தெரியாமலிருந்தால் நெயில் பாலிஷ் வாங்கப் போயிருக்க மாட்டேன்.

ஐரீன் டாக்டரிடம் போகச் சொல்லி நச்சரித்தாள். அவன் போகவில்லை. “அவர் ஒரு தாள்ல எழுதிட்டா முடிஞ்சுது. அப்புறம் எவன் என்னைக் கூப்பிடுவான்?” என்றான். நான் இருவருக்கும் நடுவில் நின்று, “அவசரப்படாதீங்க, இந்தத் தொடர் முடியட்டும்” என்றேன். எப்போதும் என் பேச்சுக்கு அவர்களிடம் மதிப்பிருந்தது.

கடைசி வாரம் அவன் இயக்குநரிடம் சினிமா வேண்டாம் என்று சொல்லிவிட்டான். நான் எதிர்பார்த்தது அவ்வளவுதான். அவன் பழையபடி என்னிடமே இருப்பான், நானும் புள்ளியைப் பழைய இடத்துக்கே மெல்ல மெல்லக் கொண்டுவந்துவிடுவேன் என்று நினைத்திருந்தேன். அதற்கு அவன் இடம் தரவில்லை. படப்பிடிப்பு முடிந்த அன்று என் கையைப் பிடித்துக்கொண்டான்.

“என் கண்ணால உங்க படம் கெட்டுப்போகக் கூடாது தலைவரே. நான் விலகிக்கிறேன்.”

அவன் நேர்மையை நான் குறைவாக மதிப்பிட்டுவிட்டேன். என் தவறு என்று சொன்னால் அதைத்தான் சொல்வேன்.

அடுத்து வந்த படங்களில் ஜன்னல்கள் சும்மா ஜன்னலாகவே இருந்தன. சினிமா மெல்லக் கைவிட்டது. ஒரு மருத்துவமனைத் தொடரில் ஒன்பது வருடம் வெள்ளைச் சுவர்களுக்கு விளக்கு வைத்தேன்.

நெவிலும் ஐரீனும் ஸ்கார்பரோ என்ற கடலோர ஊரில் தங்கும் விடுதி வைத்தார்கள். ஒவ்வொரு ஆகஸ்டிலும் ஒரு வாரம் நான் அங்கேதான். நெவில் விரலால் தடவிப் படிக்கும் எழுத்தைக் கற்றுக்கொண்டான். மாலையில் கண்ணில் துணியைக் கட்டிக்கொண்டு படி ஏறி இறங்குவான். எத்தனை படி என்று என்னை எண்ணச் சொல்வான். பதினேழு. அவன் ஒருமுறைகூடத் தடுக்கி விழவில்லை. கைதட்டுவேன்.

முதல் ஆகஸ்டில், சமையலறைத் தொட்டியில் பாத்திரம் கழுவிக்கொண்டே ஐரீன் சொன்னாள். “குழந்தை வேணாம்னு முடிவு பண்ணிட்டோம் ஹெட்லி. இது ரத்தத்துல வர்றது இல்லையா. இந்த இருட்டு அவரோடயே நிக்கட்டும்.”

அவளுக்கு அப்போது முப்பத்திரண்டு வயது. நான் ஒரு வாக்கியம் சொல்லியிருந்தால் போதும். கையிலிருந்த தட்டைத் துடைத்து அடுக்கினேன். மேசையில் பொரித்த மீன் ஆறிக்கொண்டிருந்தது.

அவனுக்கு அறுபத்துநாலு வயதானபோது ஐரீன் கையைப் பிடித்து இழுக்காத குறையாகக் கண் மருத்துவரிடம் கூட்டிப்போனாள். அன்று சாயங்காலமே தொலைபேசினான்.

“தலைவரே, வாசிக்கறதுக்கு ஒரு சாதாரணக் கண்ணாடி போதுமாம். வேற ஒண்ணுமே இல்லையாம். எப்பவுமே இருந்ததில்லையாம். இருபத்தாறு வருஷம் எதுக்காக ஒத்திகை பாத்தேன்னு தெரியல.”

நான் சிரித்தேன். அவனும் சிரித்தான். நான் நிறுத்திய பிறகும் அவன் நிறுத்தவில்லை. கொஞ்ச நேரம் கழித்துத்தான் அது சிரிப்பில்லை என்று புரிந்தது. ஐரீன் ரிசீவரை வாங்கி, “அப்புறம் பேசறோம் ஹெட்லி” என்றாள்.

ஆக, ஏன் தொழிலை விட்டான் என்ற கேள்விக்கு என் பதில் இது. நெவில் மாசனின் கண்ணில் ஒருநாளும் குறை இருந்ததில்லை. குருடாகிக்கொண்டிருக்கிறோம் என்று அவனை நம்பவைத்தவன் நான். அவன் தொழிலை எடுத்தவன் நான். அவர்களுக்குப் பிறக்காமல் போன பிள்ளைகளுக்கும் நான்தான் பொறுப்பு. இவ்வளவையும் அப்படியே வைத்துக்கொள்ளுங்கள்.

ஒன்று மட்டும் கேட்டுக்கொள்கிறேன். நெவில் உயிரோடு இருக்கும்வரை இதை யாருக்கும் போட்டுக் காட்டாதீர்கள். இந்த வயதில் அவன் மனசு தாங்காது. என்னைவிட்டால் அவனைப் பற்றி அக்கறைப்பட வேறு யார் இருக்கிறார்கள்?