ஆறாவது பெட்டியின் சிவப்பு

எங்கள் டவுன்ஷிப்பில் யாராவது மொட்டை மாடியில் வெள்ளை வேட்டி காயப்போட்டால் அவர் ஊருக்குப் புதுசு என்று சொல்லிவிடலாம். காற்று இந்தப் பக்கம் திரும்பினால் அரை மணி நேரத்தில் வேட்டிக்குக் காப்பிக் கலர் வந்துவிடும். முப்பத்தாறு வருடமாக நான் பழுப்பு வேட்டிதான் கட்டுகிறேன். அதில் எனக்குக் குறை ஒன்றும் இல்லை. இந்த நிலக்கரித் தூசியைப் பற்றிச் சொல்லாமல் இந்த வாக்குமூலத்தை எழுத முடியாது என்பதால் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இன்ஸ்பெக்டர் உமாராணி மேடம் நான்கு வெள்ளைத்தாள் கொடுத்து, சுருக்கமாக எழுதுங்கள் என்றார். அவருக்கு ரயிலில் ஆர்வம் இல்லை போலிருக்கிறது.

என் பெயர் மணிமாறன். சொந்த ஊர் கோவில்பட்டிப் பக்கம். அனல் மின் நிலையத்தில் இன்ஸ்ட்ருமெண்ட் பிரிவில் பெர்மனெண்ட். வரும் மாதம் ஓய்வு. அதற்கப்புறம் குவார்ட்டர்ஸைக் காலி செய்ய வேண்டும். ஓய்வு பெறப் போகிறவர்கள் வீடு கட்டுவார்கள், சிலர் கோயில் கட்டுவார்கள். நான் ரயில் கட்டினேன். 1988-இல் வேலையில் சேர வந்த என்னை இங்கே இறக்கிவிட்ட மீட்டர் கேஜ் பாசஞ்சர் வண்டியின் மாதிரி அது. ஓர் எஞ்சின், ஆறு பெட்டி, ஒவ்வொன்றும் ஒரு சாண் நீளம். பதினொரு வருட உழைப்பு. ஜன்னல் கம்பிகளின் எண்ணிக்கை சரி, பெட்டி எண்ணின் மஞ்சள் எழுத்து சரி, கக்கூஸுக்குள் குழாய்கூட உண்டு. "வீட்டுக் குழாய் ஒழுகுதுன்னு மூணு மாசமா சொல்லுதேன். ரயில் கக்கூஸுக்கு மட்டும் புதுக் குழாய் வந்தாச்சு" என்பாள் என் மனைவி தமயந்தி.

டவுன்ஷிப் கண்காட்சியில் என் ரயிலுக்கு ஒரு கண்ணாடிப் பேழை ஒதுக்கினார்கள். அதன் கீழே 'உருவாக்கம்: மணிமாறன்' என்று பலகை வைப்பதாகப் பேச்சு. இத்தனை வருட சர்வீஸில் என் பெயர் எழுதிய பலகை குவார்ட்டர்ஸ் வாசலில் இருப்பது ஒன்றுதான். அதையும் வரும் மாதம் கழற்றிவிடுவார்கள். எனவே இந்தப் பலகை எனக்கு எவ்வளவு முக்கியம் என்பதை மேடம் புரிந்துகொள்ள வேண்டும்.

சிங்காரவேலு காண்ட்ராக்ட் பெயிண்டர், வடலூர்ப் பக்கத்துக்காரர். முப்பது வருடமாகக் கன்வேயர், கைப்பிடிச் சுவர், டேங்க் என்று எதற்காவது பெயிண்ட் அடித்துக்கொண்டே இருந்தவர். அவர் என்னை சார் என்பார். நான் அவரைச் சிங்காரவேலு என்பேன். எங்களுக்குள் வித்தியாசம் எதுவும் கிடையாது. கம்ப்ரசரையும் ஸ்ப்ரே கன்னையும் எனக்கு ஓசியில் கொடுத்தவர் அவர்தான். நான் நன்றி மறக்கிறவன் இல்லை.

கண்காட்சிக்குப் பத்து நாள் இருக்கும்போது வந்து பெட்டிகளைக் குனிந்து குனிந்து பார்த்தார்.

"நல்லா செஞ்சிருக்கீங்க சார். ஆனா நம்ம லைன்ல ஓடுன வண்டி இந்தக் கலரு இல்லீங்க. சின்ன வயசுல தெனமும் பாத்துகினு இருந்தவன் நான். இது மருதாணிச் செவப்பு. அது செங்கல்லோட வெல்லம் கலந்தாப்புல இருக்கும்."

ஞாபகம் யாருக்கும் பிசகும் என்று நான் பெருந்தன்மையாக விட்டுவிட்டேன். அவர் விடவில்லை. மறுநாள் தன் வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போய்க் குளியலறைக் கதவைக் காட்டினார். மீட்டர் கேஜ் பெட்டிகளை உடைத்து விற்ற காலத்தில் காயலான் கடையில் வாங்கிய ரயில் கதவு. உள்ளே அவர் மனைவி செங்கமலம் குளித்துக்கொண்டிருந்ததால் சரித்திர ஆதாரத்துக்காக வெளியே கால் மணி நேரம் காத்திருந்தோம்.

பிறகு சிங்காரவேலு கீலைக் கழற்றினார். வெயிலும் சோப்புத் தண்ணீரும் படாத அந்த இடத்தில், தீப்பெட்டி அகலத்துக்கு, அசல் சிவப்பு அப்படியே இருந்தது. பார்த்ததுமே தெரிந்துவிட்டது. டிரங்குப் பெட்டியோடு இறங்கும்போது நான் கைவைத்த கதவின் சிவப்பு அதுதான். என் ஆறு பெட்டியும் தப்பு. எனக்கு அழுகை வந்துவிட்டது. "வுடுங்க சார், நான் கலந்து தரேன், மாத்தி அடிச்சிடலாம்" என்று அவர் என் தோளில் தட்டினார். அந்தத் தட்டல் எனக்குப் பிடிக்கவில்லை. மற்றபடி அவர் மேல் எனக்கு எந்தக் கோபமும் இல்லை.

விஷயத்தைக் கண்காட்சிச் செயலாளர் பிரவீன்குமாரிடமும் அவர் வெள்ளந்தியாகச் சொல்லிவிட்டார். பிரவீன்குமாருக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை. "சார், அந்தக் கதவையும் ரயிலுக்குப் பக்கத்துலயே நிறுத்திடலாம். போர்டுல 'வண்ணம்: சிங்காரவேலு'ன்னு ஒரு வரி சேத்துடறேன். ஜனங்களுக்கு டச்சிங்கா இருக்கும்" என்றார். சரி என்றேன். பதினொரு வருட ரயிலுக்குப் பக்கத்தில் ஒரு குளியலறைக் கதவு நிற்கும். ஜனங்கள் கதவைத்தான் பார்ப்பார்கள். நானாக இருந்தாலும் கதவைத்தான் பார்ப்பேன்.

வியாழக்கிழமை மத்தியானம் அவர் ஊறுகாய் பாட்டிலில் பெயிண்ட் கலந்து கொண்டுவந்தார். கலர் அச்சு அசலாக இருந்தது. இனி அடிக்க வேண்டியதுதான் பாக்கி.

பெயிண்ட் அடிக்க என் வீட்டில் சில விதிகள் உண்டு. பின்னறை ஜன்னல் இடுக்குகளில் டேப் ஒட்டி, கதவுக்கு அடியில் ஈரத் துண்டு செருக வேண்டும். சட்டையைக் கழற்றி ஹாலில் மாட்டிவிட்டுத்தான் உள்ளே வர வேண்டும், ஏனென்றால் துணியில் பஞ்சு இருக்கும். லுங்கியிலும் பஞ்சு உண்டு, ஆனால் கலைக்காக எவ்வளவுதான் கழற்றுவது. கடைசிக் கோட் அடித்து நாற்பது நிமிடம் கதவைத் திறக்கக் கூடாது. ஒருமுறை தமயந்தி திறந்துவிட்டு, இரண்டு பெட்டிகள் ரவா தோசை மாதிரி ஆகிவிட்டன. அன்றிலிருந்து உள்ளே பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொள்கிறேன். இவை எனக்கும் பொருந்துகிற விதிகள்.

சிங்காரவேலுவுக்கு இழுப்பு உண்டு என்பது எல்லோருக்கும் தெரியும். வாயில் வைத்து உறிஞ்சுகிற மருந்து எப்போதும் சட்டைப் பையில் இருக்கும். சட்டையை ஆணியில் மாட்டும்போது அதைக் கையில் எடுத்தார். "அதுல பஞ்சு ஒட்டியிருக்கும் சிங்காரவேலு. நாப்பது நிமிஷம்தானே" என்றேன். திரும்ப வைத்துவிட்டார். அது வழுவழுப்பான பிளாஸ்டிக். அதில் பஞ்சு ஒட்டாது என்று அந்த நேரத்தில் எனக்குத் தோன்றவில்லை. மூக்குக்கு மாட்டும் மாஸ்க் ஒன்றுதான் இருந்தது. வீடு என்னுடையது என்பதால் நான் மாட்டிக்கொண்டேன்.

நாலு பத்துக்கு ஆறாவது பெட்டியை முடித்து கம்ப்ரசரை நிறுத்தினேன். தின்னர் வாடை கொஞ்சம் தூக்கலாகத்தான் இருந்தது. அவருக்கு இருமல் ஆரம்பித்தது. திறக்கவா என்று கேட்டேன். "வேணாம் சார், தூசி பூந்துடும்" என்று அவரே சொன்னார். இந்த வரியை மேடம் அடிக்கோடிட்டுக்கொள்ளலாம்.

பத்து நிமிடம் கழித்து, "சார், கொஞ்சம் தொறங்க சார்" என்றார். ஐந்து நிமிடம் என்றேன். அப்புறமும் ஒருமுறை கேட்டார், அப்போதும் ஐந்து நிமிடம் என்றேன். மொத்தமே இரண்டு முறைதான் கேட்டார். தமயந்தி டீயோடு வந்து கதவைத் தட்டினாள். "என்னங்க, உள்ள யாருக்கோ மூச்சு இழுக்காப்ல கேக்கு." கம்ப்ரசர் என்றேன். அவள் போய்விட்டாள்.

அவர் நினைத்திருந்தால் கதவை உதைத்திருக்கலாம். குவார்ட்டர்ஸ் கதவு, ஒரு உதைக்குத் தாங்காது. சார் வீட்டுக் கதவு என்று உதைக்கவில்லை போல. மரியாதை தெரிந்த மனிதர். எழுந்திருக்கப் பார்த்து மேசையைப் பிடித்தார். கட்டைவிரல் ஆறாவது பெட்டியில், மூன்றாவது ஜன்னலுக்குக் கீழே பட்டுவிட்டது. அதைப் பார்த்தார். "மன்னிச்சிக்கோங்க சார்" என்றார். அப்புறம் எதுவும் சொல்லவில்லை.

நாலு ஐம்பதுக்குப் பெயிண்ட் காய்ந்துவிட்டது. திறந்திருக்கலாம்தான். ஆனால் விரல் பட்ட இடம் அப்படியே இருந்தது. நீர் தொட்டு உப்புத்தாளால் தேய்த்து, துடைத்து, இன்னொரு கோட் அடித்தேன். புதுக் கோட் என்றால் மறுபடி நாற்பது நிமிடம். ஐந்தே முக்காலுக்குக் கதவைத் திறந்து ஆம்புலன்ஸுக்கு போன் செய்தேன். அவர்கள் வந்ததும் அவருடைய சட்டையை நானேதான் எடுத்துக் கொடுத்தேன்.

இழுப்பு வியாதியால் இயற்கை மரணம் என்றார்கள். எல்லோரும் எனக்கு ஆறுதல் சொன்னார்கள். யாருக்கும் என் மேல் சந்தேகம் இல்லை, இன்றைக்கும் இல்லை. நானாகத்தான் ஸ்டேஷனுக்கு நடந்து வந்தேன்.

காரணம், பிரவீன்குமார் பலகையை மாற்றிவிட்டார். 'உருவாக்கம்: சிங்காரவேலு, மணிமாறன்' என்று போட்டிருக்கிறார், அவர் பெயர் முதலில். கதவுக்கு மாலை போட்டிருக்கிறார்கள். ரயிலுக்கு வண்ணம் தீட்டும்போதே உயிர்விட்ட தொழிலாளி என்று பேப்பரில் படத்தோடு வந்துவிட்டது. செங்கமலம் தினமும் வந்து அங்கே நிற்கிறாள். அவள் வீட்டுக் குளியலறைக்கு இப்போது பழைய புடவைதான் கதவு. வருகிறவர்களிடமெல்லாம், "என் வூட்டுக்காரரு அடிச்ச கலருங்க" என்று சொல்லி அழுகிறாள். நான் பக்கத்தில் நின்று தலையாட்ட வேண்டியிருக்கிறது. ஒரு மனிதன் எத்தனை நாள் பொய்க்குத் தலையாட்ட முடியும்?

கலந்தது அவர், ஒப்புக்கொள்கிறேன். அடித்தது நான். பூட்டியது நான், மருந்தை வெளியே வைக்கச் சொன்னது நான், சாவி என் இடுப்பில் இருந்தது, திறக்காமல் உட்கார்ந்திருந்ததும் நான். அந்த அறையில் நடந்த எல்லாமே நான் தனியாகச் செய்தது. அவர் கை பட்டது ஒரே ஓர் இடத்தில். அதையும் தேய்த்து எடுத்துவிட்டேன். கண்காட்சி ஞாயிற்றுக்கிழமையோடு முடிகிறது. அதற்குள் பலகையை மாற்றிவிடச் சொன்னால் போதும்.