போர்வைக்குள்ளே ஒரு சம்மதம்

...அந்த மூலையை இழுத்து விடுங்க, ஆவி பூரா அந்தப் பக்கமா வெளிய போகுது பாருங்க. ஒரு குண்டான் தண்ணியைக் கொதிக்க வச்சு, கையைச் சுட்டுக்கிட்டு தூக்கிட்டு வந்து வச்சா, பாதி கூரைக்குப் போகுது, மீதி என் மூக்குக்கண்ணாடியில படியுது. உங்க மூக்குக்குள்ள ஏதாவது போகுதான்னுதான் தெரியல. ம்ஹும், பேசாதீங்க. வாயை மூடிக்கிட்டு மூக்கால இழுங்க. வாயைத் திறந்தா ஆவி தொண்டையோட நின்னுடும்.

அந்த டாக்டரும் ஒரு டாக்டரா? "ஆவி பிடிச்சா சளி குணமாகும்னு நெனைக்காதீங்கம்மா, கொஞ்ச நேரம் மூச்சு விட சுகமா இருக்கும், அவ்வளவுதான்"ங்கறார். இதைச் சொல்ல அவ்வளவு படிக்கணுமா? அதோட விட்டாரா! பாத்திரத்தை மடியில வைக்காதீங்க, மேசையில அசையாம வைங்க, அடுப்புலேருந்து இறக்கினதும் கொஞ்சம் ஆறட்டும், முகத்தைக் கிட்டக் கொண்டு போகாதீங்க... நான் என்னமோ புருஷனை உள்ள போட்டு வேக வைக்கப் போற மாதிரி! நீங்களும் பக்கத்துல உக்காந்துக்கிட்டு சின்னப்பிள்ளை மாதிரி தலையை ஆட்டுறீங்க. வெளி மனுஷங்களுக்கெல்லாம் நல்லாத்தான் ஆட்டுறீங்க.

நம்ம பொண்ணு வாங்கி அனுப்பின ஆவி மெஷின் மட்டும் ஓடியிருந்தா இந்தக் குண்டானும் போர்வையும் எதுக்கு? அது என்ன பொருளோ, சுத்த மோசம். தைலம் ஊத்தினேன், அவ்வளவுதான் செஞ்சேன். ஒரு மாதிரி உர்ர்ருன்னுது, கருகின வாசனை வந்துச்சு, அடங்கிப் போச்சு. "அம்மா, வெறும் தண்ணி மட்டும்தான் ஊத்தணும், மூடியிலயே போட்டிருக்கே"ங்கறா. மூடியில எழுதி வச்சா யார் படிப்பா? மூடின்னா திறக்கறதுக்கு, படிக்கறதுக்கா?

என்ன அசையறீங்க? முதுகு வலிக்குதா? தலகாணி வேணுமா? சரி, வேணாம்னா விடுங்க.

எல்லாம் உங்ககிட்ட வண்டி பழக வர்ற அந்த பேங்க் அம்மாவால வந்த வினை. ஜன்னலை ஏத்தி விட்டுக்கிட்டு வண்டி ஓட்டிப் பழகுறாங்களாமே, தலைமுடி கலைஞ்சிடுமாம். மூடின வண்டிக்குள்ள அவங்க தும்மத் தும்ம, பக்கத்துல உக்காந்து நீங்க வாங்கிக் கட்டிக்கிட்டீங்க. தும்மும்போது ஸ்டியரிங்கையும் விட்டுடறாங்கன்னு சொன்னீங்க. சொன்னீங்களா? இல்ல, உங்க டிரைவிங் ஸ்கூல் முதலாளிகிட்ட போன்ல சொன்னதை நான் கேட்டேன். என்கிட்ட எங்க சொல்றீங்க? வண்டியில நாள் பூரா வாய் ஓயறதில்ல, கிளட்ச்சை விடு, கண்ணாடியைப் பாரு, இடது பக்கம் போன்னு. வீட்டு வாசப்படி ஏறினா கப்சிப். அங்க உங்க காலுக்குக் கீழ தனியா ஒரு பிரேக் இருக்கு, யார் எப்படி ஓட்டினாலும் நீங்க நிறுத்திக்கலாம். வீட்டுல அப்படி ஒண்ணு பொருத்தித் தரலைன்னு வருத்தமா?

சிரிக்கிறீங்களா, இருமுறீங்களா? போர்வை குலுங்குது, ஒண்ணும் புரியல.

மூக்கடைப்பு மூக்கடைப்புன்னு இதே வேலையா உக்காந்திருக்கீங்க. காலையில ஒரு தடவை, ஸ்கூல்லேருந்து வந்ததும் ஒரு தடவை, சாப்பிட்டதும் ஒரு தடவை. ஆனா பால் அடிப்பிடிச்சது யாருக்கு முதல்ல தெரிஞ்சது? எனக்கா? நான் அடுப்புக்கு எதுக்க நின்னுக்கிட்டிருக்கேன், நீங்க முன் ரூம்லேருந்து "பால்"ங்கறீங்க. அந்த ஒரு சொல்லுதான் அன்னிக்கு நீங்க பேசினது.

நல்லா இழுங்க... விடுங்க... ஆங், அப்படி.

நான் ஒரு விஷயம் சொல்லணும். நீங்க கோவிச்சுக்க மாட்டீங்க, தெரியும். கோவம் வந்தாலும் இப்ப வெளிய வர முடியாது, வேர்வையோட காத்து பட்டா மறுபடி பிடிச்சிக்கும். அதனால இப்பவே சொல்லிடறேன். உங்க நாற்காலியை முன் ரூம்லேருந்து பால்கனிக்கு நகத்தி வச்சிருக்கேன்.

பேசாதீங்கன்னேன்ல! காத்தோட்டமா இருக்கும் உங்களுக்கு. வெயில் வந்தா ஒரு தட்டி கட்டிக்கலாம். மழை வந்தா... மழை எப்பவுமா வருது? ரேடியோவை மட்டும் நகத்தலை, பால்கனியில பிளக் இல்ல. ஸ்கூல்லேருந்து வந்து விளக்கைக்கூடப் போடாம, ஒரு மணி நேரம் அந்த நாற்காலியில உக்காந்து என்னதான் பண்றீங்க? ரேடியோகூட சில நாள் பாடறதில்ல. இருட்டைப் பாத்துக்கிட்டு உக்கார ஒரு ரூம் வேணுமா? அந்த இடத்துல ஒரு கட்டில் போட்டா ஒரு மனுஷி படுக்கலாம்.

ஆமாம், சின்னவளுக்குத்தான். என் தங்கச்சிக்கு வேற யார் இருக்கா? ஊரான் வீட்டுப் பொண்ணுங்களுக்கெல்லாம் வார்டனா இருந்து காய்ச்சல் பாத்தா, சண்டை தீத்தா, ராத்திரி கதவைப் பூட்டினா. இப்ப ஹாஸ்டல் கட்டடத்தை இடிக்கப் போறாங்களாம், ரூமைக் காலி பண்ணும்மாங்கறாங்க. அவளுக்குன்னு ஒரு வீடு இருந்துச்சா, வாசல் இருந்துச்சா? அந்த ஒரு ரூம்தான். "அக்கா, நான் வரட்டுமா?"ன்னு கேக்கறதுக்கு அவ எவ்வளவு சங்கடப்பட்டிருப்பா. கேட்டுட்டு அடுத்த மூச்சுல, "அத்தான் என்ன சொல்றார்?"ங்கறா. உங்க வாயால கேக்காம வரமாட்டாளாம். ரோஷக்காரி.

அவ என்னை மாதிரி இல்ல, ரொம்பப் பேசுவா. அதை நான் மறைக்கல.

நான் உங்ககிட்ட கேக்காம ஒண்ணும் செய்யல. இதே மேசை, இதே போர்வை. முந்தாநாள் கேட்டேனா இல்லையா? "ஏங்க, சின்னவ நம்மகூட வந்து இருக்கட்டுமா?"ன்னேன். போர்வை மேலயும் கீழயும் நல்லா ஆடுச்சு. என் கண்ணால பாத்தேன். அப்புறம் தும்மினீங்க, அது வேற விஷயம். ஆடினது ஆடினதுதான். உடனே அவளுக்கு போன் போட்டு, அத்தான் சந்தோஷமா சரின்னுட்டார்னு சொன்னேன். சந்தோஷமாங்கறது நானா சேத்துக்கிட்டது. ஒரு பேச்சுக்கு அவ்வளவுகூடச் சேக்கக் கூடாதா?

வண்டிக்குச் சொல்லி வச்சிட்டாளாம். இன்னிக்குச் சாயங்காலம் வர்றா.

...என்ன, சத்தத்தையே காணோம்? கேட்டுச்சா? இன்னிக்குச் சாயங்காலம்னேன்.

இதுதான் உங்ககிட்ட எனக்குப் பிடிக்காதது. திட்டுங்களேன்! "என் நாற்காலியை எதுக்கு நகத்தினே"ன்னு ஒரு கத்து கத்துங்களேன்! அந்த பேங்க் அம்மாவுக்கு கிடைக்கிற கத்தல்ல பாதியாவது எனக்குக் கிடைக்கக் கூடாதா? இப்படிப் போர்வைக்குள்ள பொம்மை மாதிரி உக்காந்திருந்தா நான் எதைன்னு எடுத்துக்கறது? சரிங்கறீங்களா, வேணாங்கறீங்களா? நகருங்க, மேசையெல்லாம் தண்ணி சொட்டியிருக்கு, துடைக்கணும். இந்தக் குண்டானை அந்தப் பக்கம்... இருங்க, துணி வச்சுப் பிடிக்கறேன், சுடும்...

ஏங்க.

சுடலையே.

இது பச்சைத் தண்ணியா இருக்கே. எப்ப ஆறிச்சு? ஒரு மணி நேரமாவா பேசிக்கிட்டிருந்தேன்? நாற்காலி கதை சொல்லும்போதே ஆறியிருக்கணும். இவ்வளவு நேரமா ஆறின தண்ணிக்கு மேல தலையைக் கவுத்துக்கிட்டா உக்காந்திருந்தீங்க? தலையைக் கொஞ்சம் தூக்குங்க. மூச்சு விடுங்க, பாக்கலாம். ...சீராத்தானே வருது! ஒரு கொர்ருகூட இல்ல. சளி எப்ப போச்சு உங்களுக்கு? நேத்தா? அதுக்கு முந்தியா?

அப்ப நேத்தும் இப்படித்தானா? நான் மூணு தடவை கொதிக்க வச்சேனே!

அடப்பாவி மனுஷா. என்கிட்டேருந்து ஒளிஞ்சுக்கவா?

...வேணாம், தலையை ஆட்டாதீங்க. இனிமே நீங்க தலையை ஆட்டினா நான் நம்பறதா இல்ல. வாயைத் திறந்து சொல்லுங்க.

ஏன் சொல்லலை? அன்னிக்கு நான் சின்னவளைப் பத்திக் கேட்டப்ப, வேணாம்னா வேணாம்னு ஒரு வார்த்தை... என்ன? நானா? நான் எப்ப உங்களைப் பேசவேணாம்னு...

ஆமாம், வாயை மூடிக்கிட்டு மூக்கால இழுங்கன்னு சொல்லியிருப்பேன். ஆவிக்காகச் சொன்னது அது! ...டாக்டர் அப்படிச் சொல்லலையா? டாக்டர் மூக்கால இழுங்கன்னார். வாயைப் பத்தி அவர் ஒண்ணும் சொல்லலையோ? சரி, அது நான் சொன்னதாத்தான் இருக்கட்டும். கேள்வியும் கேட்டுட்டு வாயையும் மூடச் சொன்னா மனுஷன் என்ன பண்ணுவார்... சரி. சரிங்க.

இப்பச் சொல்லுங்க. அவ இன்னும் கிளம்பியிருக்க மாட்டா. வேணாம்னா நான் அவகிட்ட ஏதாவது சொல்லிக்கறேன். என்ன சொல்லுவேன்னு தெரியல, ஆனா சொல்லிக்கறேன். எங்கயாவது ஒரு ரூம் பாத்துக் கொடுத்தா இருந்துக்குவா, அவளுக்குத் தனியா இருந்து பழக்கம்தான். நான்தான்... சரி, நான் பேசலை. நீங்க சொல்லுங்க.

போன் அடிக்குது. அவதான். இந்த நேரம் பாத்தா கூப்பிடணும்! நான் எடுத்து என்னன்னு சொல்லட்டும்? ஏங்க... கையை எதுக்கு வெளிய நீட்டுறீங்க? போனா? நீங்களா பேசறீங்க? இந்தாங்க. அவகிட்டச் சண்டை போடாதீங்க, தப்பு என்னோடது, அவளுக்கு ஒண்ணும் தெரியாது...

...

"ம்"மா? என்ன "ம்"?

...

"வா"ன்னா சொன்னீங்க? என் காதுலதான் அப்படி விழுந்துச்சா?

...

"கட்டிலை ஜன்னலோரமாப் போட்டுக்கலாம், நாற்காலி அதோட இடத்துலயே இருக்கட்டும்"... இவ்வளவு நீளமா! அவளுக்கு! முந்தாநாள்லேருந்து நான் தொண்டை வத்தக் கேக்கறேன், எனக்கு ஒரு எழுத்து இல்ல. அவ அப்படி என்ன கேட்டா? என்னைவிட நல்லாவா கேட்டா?

"வரட்டுமா அத்தான்"னு கேட்டுட்டு சும்மா இருந்தாளா? அவ்வளவுதானா? நீங்க சொல்ற வரைக்கும் அவ ஒண்ணும் பேசலையா? சின்னவளா? ...அவளுக்கு இதெல்லாம் எப்பத் தெரிஞ்சது?

சரி. நாற்காலியைத் திரும்ப உள்ள போட்டுடறேன். தட்டி கட்ட வேண்டாம், ஒண்ணும் வேண்டாம். அவ வந்ததும் ஒண்ணு சொல்லி வைக்கறேன், அத்தான் விளக்கைப் போடாம உக்காந்திருந்தா அந்தப் பக்கம் போகாதேடீன்னு. நானும் போகமாட்டேன். போகாம இருக்கப் பாக்கறேன்.

ஏங்க, எங்க மறுபடியும் போர்வையை இழுத்துக்கறீங்க? நான் இன்னும் முடிக்கலை... சரி, முடிச்சிட்டேன். அடுப்பாண்ட போறேன்.

தண்ணி சூடு பண்ணிக் கொண்டு வரட்டுமா, இல்ல... இப்படியே போதுமா?