காற்றுத்துளை

காலையில் அவள் வேலைக்குக் கிளம்புமுன் படகைத் தயார் செய்து வைப்பது என் பொறுப்பு. ஏழு மணிக்குத் துறைக்கு இறங்குவேன். அடியில் தேங்கிய தண்ணீரை இறைப்பேன். பெட்ரோல் எவ்வளவு இருக்கிறது என்று பார்ப்பேன். எஞ்சினை இரண்டு நிமிடம் ஓடவிட்டு நிறுத்துவேன். கடைசியாக அவள் உட்காரும் பலகையைத் துணியால் துடைப்பேன். உடை ஈரமானால் நாள் முழுக்க முணுமுணுப்பாள். என் மனைவிக்கு இதைச் செய்வதில் ஒரு நாளும் நான் தவறியதில்லை. அன்றும் துடைத்தேன்.

உங்கள் விசாரணை அறிக்கையைப் படித்தேன். நன்றாகவே எழுதியிருக்கிறீர்கள். எஞ்சின் நின்றதற்கான காரணம் தெரியவில்லை என்ற வரி மட்டும்தான் குறை. நான் எஞ்சினியரிங் படித்தவன். காரணத்தைச் சொல்லிவிடுகிறேன்.

பெட்ரோல் டேங்க்குக்கு ஒரு காற்றுத்துளை உண்டு. வென்ட் என்போம். படகின் பக்கவாட்டில், கட்டைவிரல் பருமனில் இருக்கும். உள்ளே ஒரு குழாய் அதை டேங்க்கோடு சேர்க்கும். பெட்ரோல் குறையக் குறைய அந்த வழியாகக் காற்று உள்ளே போக வேண்டும். வழி அடைத்துக்கொண்டால் டேங்க் பெட்ரோலை விடாது. எஞ்சின் கொஞ்ச நேரம் ஓடி, இருமி, நின்றுவிடும். டேங்க் மூடியைத் திருகித் திறந்தால் உஸ்ஸென்று காற்று உள்ளே போகும், எஞ்சின் மறுபடி ஓடும். அவ்வளவுதான்.

முதல் தடவை அடைத்தது ஒரு குளவி. வாயிலிருந்த கம்பிவலை கழன்றுபோன துளைக்குள் மண்கூடு கட்டியிருந்தது. நடு ஆற்றில் படகு நின்றுபோய் அவள் எனக்குப் போன் செய்தாள். நான் படகு ரிப்பேர் பார்க்கும் பட்டறையின் படகை எடுத்துக்கொண்டு போய் மூடியைத் திறந்து காட்டினேன்.

"இவ்வளவுதானா? இதுக்கா நாலு வருஷம் காலேஜ் போன?"

"நாலு வருஷமும் உன் பின்னாடி சுத்தத்தான் போனேன்."

"அதுலயும் ஏகப்பட்ட அரியர்."

சொல்லிவிட்டு என் தோளில் சாய்ந்து சிரித்தாள். அப்படிச் சாய்ந்து பல மாதங்கள் ஆகியிருந்தன. அதை நான் கவனித்தேன்.

அவளுக்கு அக்கரை மருத்துவமனையில், ஆய்வகத்தில் வேலை. அந்த வாரம் வேலையை நிரந்தரமாக்கினார்கள். கூடவே ஒரு குவார்ட்டர்ஸும் ஒதுக்கினார்கள். திங்கட்கிழமை பத்து மணிக்குள் கையெழுத்துப் போட்டுச் சாவி வாங்க வேண்டும். தவறினால் வீடு பட்டியலில் அடுத்தவருக்குப் போய்விடும்.

அவள் என்னை விட்டுவிட்டுப் போகப் பார்த்தாள் என்று நீங்கள் நினைக்கக் கூடாது. "நீயும் வாடா. எங்கம்மாவையும் கூட்டிட்டுப் போயிடலாம். அங்கயும் படகு ஓடுது, அங்கயும் ரிப்பேர் ஆகுது" என்றாள். நியாயமான பேச்சுதான். யோசிக்கிறேன் என்றேன். யோசித்தும் பார்த்தேன். அங்கே போனால் அவள் நடந்தே வேலைக்குப் போய்விடுவாள்.

ஞாயிற்றுக்கிழமை காலை புது வென்ட் பொருத்தினேன். பித்தளை, வாயில் நெருக்கமான வலை. அவள் துறைப் படியில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இனிமே குளவி குடித்தனம் வராதே?"

"எறும்புகூட வராது. இனிமே மூடியத் திறக்கிற வேலையே இல்ல."

அவள் வீட்டுக்குப் போனதும் உள்குழாயைக் கழற்றி, ஒரு பாட்டில் கார்க்கை உள்ளே அழுத்தி, மறுபடி மாட்டினேன். பசை போடவில்லை. அதை நிரந்தரமாக அடைக்கும் எண்ணம் எனக்கு இல்லை. தயவுசெய்து இதைப் பதிவு செய்துகொள்ளுங்கள்.

ஓட்டியும் பார்த்தேன். டேங்க்கைக் கழுத்துவரை நிரப்பினேன். உள்ளே காற்று குறைவாக இருந்தால் சீக்கிரம் நிற்கும். இருபத்திரண்டாவது நிமிடத்தில் நின்றது. சரக்கு ஏற்றிய பார்ஜ்கள் போகும் ஆழப்பாதையைத் தாண்டி, அக்கரை நாணல் ஓரத்தில். பத்திரமான இடம். அப்போது நீரோட்டம் என்னோடு வந்தது. மறுநாள் அவள் போகும் நேரத்துக்குக் கடலோதம் மாறி அது எதிரே வரும். அது எனக்குத் தெரியாததல்ல. கணக்கில் சேர்த்துக்கொள்ளவில்லை.

திங்கட்கிழமை கடும் பனி. எட்டே முக்காலுக்குக் கிளம்பினாள். ஒன்பது பத்துக்குப் போன் வந்தது. நான் துறையில்தான் இருந்தேன். பட்டறைப் படகும் தயாராக இருந்தது.

"டேய், நின்னுபோச்சு. பனியில ஒண்ணுமே தெரியல. சிவப்பு மிதவை மட்டும் பக்கத்துல தெரியுது."

சிவப்பு மிதவை ஆழப்பாதையில் இருக்கிறது. அவள் பார்ஜ் வரும் வழியில் நின்றுகொண்டிருந்தாள். எனக்குப் புரிந்தது.

"மூடியத் திறந்து பாக்கட்டுமா?"

"வேண்டாம். வென்ட் புதுசு, பிரச்சனை அதுல இல்ல. வேற எங்கயோ இருக்கு. நான் வர்ற வரைக்கும் எதையும் தொடாத."

திறந்திருந்தால் எஞ்சின் ஓடியிருக்கும். பத்து மணிக்குள் போய்ச் சேர்ந்திருப்பாள்.

பட்டறைப் படகில் அந்த இடத்துக்குப் பதினைந்து நிமிடம். உடனே கிளம்பியிருந்தால் ஒன்பது இருபத்தைந்துக்கே அங்கே இருந்திருப்பேன். அங்கிருந்து மருத்துவமனைக்கும் நேரம் இருந்திருக்கும். அதனால் படியில் உட்கார்ந்தேன். பனியில் பார்ஜ்கள் மெதுவாகத்தான் வரும், ஹாரன் அடித்துக்கொண்டுதான் வரும். ஒன்பதரைக்கு ஹாரன் கேட்டது. ஒன்பது முப்பத்தைந்துக்குக் கயிற்றை அவிழ்த்தேன்.

நான் போனபோது மிதவை இருந்தது. படகின் முன்பாதி கவிழ்ந்து மிதந்தது. டேங்க் இருந்த பின்பாதி அடியில் கிடக்கிறது. ஆள் இறக்கித் தேடினால் கார்க் கிடைக்கும்.

மாமியார் என்னோடுதான் இருக்கிறார். வேளை தவறாமல் மாத்திரை எடுத்துக் கொடுக்கிறேன். "பெத்த புள்ளகூட இப்படிப் பாத்துக்க மாட்டான், மாப்பிள்ள" என்கிறார். உண்மைதான். ஒருவரைப் பக்கத்தில் வைத்துப் பார்த்துக்கொள்வது எனக்கு நன்றாக வரும்.

முதல் வாக்குமூலத்தில் ஒரே ஒரு பொய் சொன்னேன். "பயமா இருக்கு, சீக்கிரம் வா" என்பதுதான் அவள் கடைசியாகச் சொன்னது என்றேன். ஏதாவது சொல்ல வேண்டியிருந்தது. பத்திரிகையில் வந்தது. மாமியார் அதைச் சொல்லிச் சொல்லி அழுகிறார். அவள் அப்படிச் சொல்லவில்லை. எதையும் தொடாதே என்று நான் சொன்னதும் அவள் சொன்னது இதுதான்:

"சரி, தொடல. பனியா இருக்கு, நீ மெதுவாவே வா."