படித்துறைப் படங்கள்

இல்ல தம்பி, அது இன்னும் காயல, கை வெச்சிராதீங்க. இப்படி உக்காருங்க. ஸ்டூல் லேசா ஆடும், விழாது.

ஆமா, மரப்பலகைதான். செதுக்கி, மை உருட்டி, மேல தாளைப் போட்டு அழுத்தணும். இடம் வலமா மாறித்தான் விழும். ஒரு தடவை அதை மறந்து செதுக்கிட்டேன். கோயிலைத் தூக்கி அக்கரையில வெச்சிட்டீங்களேன்னு ஒருத்தர் சண்டைக்கே வந்துட்டாரு.

ஆத்தைப் பத்தித்தானே எழுதப்போறீங்க? எழுதுங்க. இருபது வருஷமா அதைத்தானே செதுக்குறேன். எங்க வீட்டுக்காரர் சொல்வாரு, உன்னை அந்த ஆத்துக்கே கட்டிக் குடுத்திருந்தா நான் தப்பிச்சிருப்பேன்னு.

இப்பவா? இப்பல்லாம் போறதில்ல. ரெண்டு வருஷமாச்சு. இதெல்லாம் பழைய நோட்டுல இருந்து போடுறது. ஆமா, எல்லாத்துலயும் ஒரே படித்துறைதான். நீங்கதான் கவனிச்சிருக்கீங்க. வேற இடம் கைக்கு வரமாட்டேங்குது தம்பி. உளியை எடுத்தா அந்தப் படியிலதான் போய் நிக்குது.

ஏன்னா... ஒண்ணுமில்ல. கடைசியா அங்கதான் உக்காந்து வரைஞ்சிட்டிருந்தேன். காலை நேரம். மேகமா இருந்துச்சு, வெளிச்சம் அவ்வளவு பதமா இருந்துச்சு. ஒருத்தர் வந்தாரு, வெளியூர்க்காரர் போல, தோள்ல துண்டு. அக்கா, இங்க ஆழமான்னு கேட்டாரு. நான் தலையைக்கூடத் தூக்கல. இடுப்பளவுதான், தைரியமா இறங்குங்கன்னேன். அந்த இடம் எப்பவும் இடுப்பளவுதான். முந்தின வாரம் மெஷினை விட்டு மணல் அள்ளியிருக்காங்க. எனக்குத் தெரியாது.

சத்தம் ஒண்ணும் கேக்கல. பக்கத்தை முடிச்சிட்டு நிமிந்தேன். படியில துண்டும் செருப்பும் மட்டும் கெடந்துச்சு. கத்தினேன், ஆளுங்க ஓடி வந்தாங்க. மத்தியானம்தான் எடுத்தாங்க. நீச்சல் தெரியாதாம். கூட வந்த சம்சாரம் மேல ரோட்டுல, பஸ்ஸுல உக்காந்திருந்திருக்கு.

கால் வழுக்கிருச்சுன்னு எழுதிக்கிட்டாங்க. போலீஸ்காரர் என்கிட்டயும் வந்தாரு. நீங்க எதுவும் பாத்தீங்களாம்மான்னு கேட்டாரு. இல்லைங்கன்னேன். அவ்வளவுதான் கேட்டாரு. வீட்டுக்காரருக்கும் இது தெரியாது.

பொய் சொல்லல தம்பி. நான் பாக்கல. வரைஞ்சிட்டிருந்தேன்.