யோஸ்ட் டெவுல்ஃப் கலைத்த வரிசை

மதிப்புக்குரிய தலைவர் அவர்களே, முன்வரிசையில் அமர்ந்திருக்கும் ஹில்டே டெவுல்ஃப் அம்மையாரே, பிரஸ்ஸல்ஸின் இந்த மழையிலும் வந்திருக்கும் நண்பர்களே, வணக்கம்.

ஹில்டே, கணவரை இழந்த வீடு எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும். அதை இங்கே பேசமாட்டேன். மறைந்த நம் துறை இயக்குநர் டெவுல்ஃபின் வேலையைப் பற்றிப் பேசுகிறேன். பதினோரு ஆண்டுகள் அவருடைய பதிவுப் பிரிவை நடத்தியவள் நான்.

அந்நாளில் நிறுவனங்கள் தமக்குள் ஓர் ஒப்பந்தம் செய்தால், அது போட்டியைக் கெடுக்காது என்று விளக்கி, ஐரோப்பிய நாடுகளுக்கெல்லாம் பொதுவான நம் போட்டிச் சட்ட அலுவலகத்திடம் அனுமதி கேட்டு எழுதும். வந்த தேதிப்படி அடுக்கினோம். படித்தோம். முத்திரையிட்டோம். எத்தனை ஒழுங்கு! எத்தனை வீண்!

நமூர் நகரில் கூரை ஓடு விற்ற எமில் ஹெர்போ ஒரு புகார் அனுப்பினார்: ஐந்து தயாரிப்பாளர்களும் ஒரே நாளில் ஒரே அளவு விலையை ஏற்றிவிட்டார்கள் என்று. அதையும் அதே வரிசையில் வைத்தேன். அதன் முறை வர இரண்டு ஆண்டுகள் ஆயின.

"மதாம், புகார் அனுப்பின அஞ்சாம் மாசமே ஹெர்போ கடையை மூடிட்டாராம்," என்றார் டெவுல்ஃப்.

"நான் வரிசைப்படிதானே வச்சேன்!"

"சரியாத்தான் வச்சீங்க. ஆனா, கூடிப் பேசி விலை ஏத்துறவன் நம்மகிட்ட வந்து அனுமதியா கேட்பான்? நல்லவங்க கடுதாசியையே இத்தனை வருஷமாப் படிச்சுக்கிட்டிருக்கோம்!"

கன்னியாஸ்திரீகள் நடத்திய பள்ளியில் படித்தவள் நான். வரிசை தவறாததே என் பெருமை.

அனுமதி கேட்கும் முறையையே ஒழிப்போம், ஒவ்வொரு நாட்டு அதிகாரிகளும் நீதிமன்றங்களும் இந்தப் போட்டிச் சட்டத்தை அமல்படுத்தட்டும் என்று டெவுல்ஃப் மேலிடத்துக்கு எழுதினார். அலுவலக உணவகத்தில் அவரைச் சீண்டாதவர் யார்?

"என்னப்பா யோஸ்ட், உன் துறையே காலியாயிடுமே!"

"காலியானாத்தான்யா வேலை செய்ய நேரம் கிடைக்கும்!"

2004 மே மாதம் அந்த முறை ஒழிந்தது. அதற்காகப் பாடுபட்ட பலரில் அவரும் ஒருவர். அவருடைய பதவியும் அதோடு போயிற்று. ஒருமுறையாவது முனகினாரா? இல்லை!

ஆனால் புகார் எழுதும் சிறு வியாபாரி இன்னமும் ஆண்டுக்கணக்கில் காத்திருக்கிறார். இப்போது சட்டத்தை மறுபடி திருத்தப் பேசுகிறார்கள். போன மாதம் மருத்துவமனையில் டெவுல்ஃப் என்னிடம் சொன்னார்:

"எந்தப் புகாருக்கும் நாலு மாசத்துல பதில் வேணும்னு கேளுங்க, மதாம். ஆறு மாசம்னு பேரம் பேசுவாங்க. மரியாதைக்குத் தலையாட்டிட்டு வந்துடாதீங்க!"

செவ்வாய்க்கிழமை கருத்துக் கேட்புக் கூட்டம். பேசுவோர் பட்டியலில் அவர் பெயர் இருந்த இடத்தில் என் பெயரைக் கொடுத்திருக்கிறேன். எனக்கு எண்பத்திரண்டு வயது, நின்றுகொண்டே பேசுவேன். நான்கு மாதம் என்பேன். ஆறு என்று எவர் சொன்னாலும், ஹெர்போ எந்த மாதம் கடையை மூடினார் என்று கேட்பேன். கூட்டம் காலை ஒன்பது மணிக்கு. நேரத்தோடு வாருங்கள்.